வண்டியோட அகலம் தெரியாத மேப்புக்கு வழி மட்டும் எப்படித் தெரியும்?

"மேப் காட்டுச்சு, அதான் போனோம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு சாமி.

2024 ஜனவரியில கூடலூர்ல ஒரு கார் படிக்கட்டுல இறங்கி மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? ஊட்டி பாத்துட்டு கர்நாடகா திரும்பின கோஷ்டி. அவங்க சொன்னதும் இதேதான். படின்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனா போன் "நேராப் போ"ங்குது. போன்தான் ஜெயிச்சுது. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

அதே வருஷம் நவம்பர்ல உத்தரப்பிரதேசம் பரேலி பக்கத்துல அந்த நல்லவேளை கிடைக்கலை. வெள்ளத்துல ஒரு பகுதி அடிச்சுட்டுப் போன பாலத்துல ஏறின கார், ராம்கங்கா ஆத்துல விழுந்து 3 பேர் செத்துப் போனாங்க. நேவிகேஷன் காட்டின வழியில போனதாத்தான் செய்திகள்ல வந்துச்சு. பாலத்துக்கு முன்னாடி ஒழுங்கா தடுப்பு வைக்காம விட்டதுதான் முதல் குத்தம், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அரசாங்கத்தையும் மேப் கம்பெனியையும் திட்ட ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சண்டை போட வந்தது நம்மகூட.

நம்மன்னா யாரு? என்னை மாதிரி ஐடி ஆளுங்கதான். லீவு விட்டா ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்குப் பிடிக்கிறோம். பாட்டி, சித்தப்பா, குழந்தைங்க, கேஸ் அடுப்பு, பாய், கூரைமேல கேரியர், கேரியர்மேல தார்ப்பாய். அமெரிக்காக்காரன் ஆர்.வி.ங்கிறான், நம்ம ஊர் ஆர்.வி. இதுதான். போற இடம், எங்க பக்கத்துல பெரும்பாலும் அமிர்தி. வேலூர்ல இருந்து கணியம்பாடி வழியா 25 கி.மீ. சொச்சம். ஜவ்வாது மலை அடிவாரத்துல காடு, சின்ன மிருகக்காட்சி சாலை. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிக்கும். "இப்படியே மலை ஏறி ஜமுனாமரத்தூர் போயிடலாமே, பீமன் அருவி பாத்துட்டு, அப்படியே காவலூர்ல டெலஸ்கோப்பையும் பாத்துடலாமே"ன்னு ஒருத்தர் கிளப்பி விடுவார். மேப்பைத் திறந்தா மலைமேல ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். டிரைவர் அண்ணன், "வேணாம் சார், சாயங்காலம் ஆயிடுச்சு, போளூர் சுத்திப் போயிடலாம்"னு சொல்லுவார். பின்சீட்டுல இருந்து பதில் வரும்: "இல்லண்ணே, மேப்புல இதுதான் கம்மி டைம் காட்டுது."

இந்த இடத்துலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இருபது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன் ஒரு பக்கம், ஆறு இஞ்ச் ஸ்க்ரீன் ஒரு பக்கம். நாம ஸ்க்ரீன் பக்கம் நிக்கிறோம். வண்டியில கோடு விழுந்தா ஓனர்கிட்ட பதில் சொல்றது அவர். பேட்டாவுல பிடிக்கிறதும் அவருக்குத்தான். ஸ்க்ரீனைக் காட்டின நமக்கு என்ன போச்சு?

சரி, அந்த "கம்மி டைம்" எங்கிருந்து வருதுன்னு பாப்போம். எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு டைக்ஸ்ட்ரா அல்காரிதம் ஞாபகம் இருக்கும். அரியர் வெச்சவங்களுக்கு இன்னும் நல்லாவே இருக்கும் :-) ஊர்கள் புள்ளிகள், ரோடுகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு. மொத்தச் செலவு எதுல கம்மியோ அதுதான் வழி. இன்னைக்கு மேப்புகள்ல இருக்கறது இதோட பேரன் பேத்திங்க, அவ்வளவுதான். அந்தச் செலவு ஒரு கார் அந்த ரோட்டைக் கடக்க ஆகுற நேரம். உங்க டிராவலரோட அகலம், கேரியரோட சேர்ந்த உயரம், உள்ள இருக்கற பாட்டியோட முதுகு வலி எதுவுமே கணக்குல இல்லை. இன்புட்டே கொடுக்காம அவுட்புட்டை வேதவாக்கா எடுத்துக்கறோம். ஆபீஸ்ல ரெக்வயர்மெண்ட் வாங்காம கோட் எழுதினா மேனேஜர் சும்மா விடுவாரா?

வெளிநாட்டுல இதைக் கேக்குற கருவி இருக்கு. கார்மின் கம்பெனி ஆர்.வி.க்குன்னே தனி நேவிகேட்டர் விக்குது. வண்டியோட நீளம், அகலம், உயரம், எடை எல்லாம் கொடுத்துட்டுத்தான் கிளம்பணும். கேஸ் சிலிண்டர் இருக்கான்னுகூட கேக்கும், ஏன்னா சில சுரங்கப் பாதைகள்ல சிலிண்டரோட விடமாட்டாங்க. நம்ம போன்ல இருக்கற கூகுள் மேப்ஸ் கேக்கறது காரா, பைக்கான்னுதான். குறுகலான ரோட்டைத் தவிர்க்கற வசதியை 2024-ல இந்தியாவுல கொண்டு வந்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா ஆரம்பிச்சது சென்னை, கோவை மாதிரி 8 நகரங்கள்ல. ஜவ்வாது மலை அந்தப் பட்டியல்ல இல்லை.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?" கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்றேன்.

முதல்ல ஒரு டேப் எடுத்து வண்டியை அளங்க. கண்ணாடியோட சேர்த்து அகலம், கேரியர் லக்கேஜோட சேர்த்து உயரம். நிறைய ஊர்ல லெவல் கிராசிங்கை எடுத்துட்டு ரயில்வே சப்வே போட்டுட்டாங்க. ரயில்வேயே அதுக்கு வெச்ச பேர் "லிமிடெட் ஹைட் சப்வே". பேர்லயே உயரம் கம்மின்னு எழுதி வெச்சிருக்கான், நாம என்னடான்னா நம்ம உயரமே தெரியாம போறோம்.

ரெண்டாவது, ஓஸ்மாண்ட் மாதிரி ஒரு ஆப் போடுங்க. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவுல ஓடுறது. அதுல வண்டிக்குன்னு தனி ப்ரொஃபைல் உருவாக்கி, உயரம், அகலம், நீளம், எடை கொடுக்கலாம். மண் ரோட்டைத் தவிர்னும் சொல்லி வைக்கலாம். மலையோட உயரக்கோடுகளைப் போட்டுப் பாருங்க. கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்தா அங்க செங்குத்துன்னு அர்த்தம்.

மூணாவது, மேப்பை வீட்டு வைஃபைலயே இறக்கிடுங்க. மலையில டவர் போச்சுன்னா "ஜிபிஎஸ் போச்சு"ன்னு அலறாதீங்க. ஜிபிஎஸ்-க்கு மொபைல் டவர் தேவையே இல்லை, அது நேரா செயற்கைக்கோள்ல இருந்து வர்றது. புள்ளி சரியாத்தான் நிக்கும். புள்ளிக்குக் கீழ இருக்கற மேப்தான் காணாமப் போயிருக்கும்.

நாலாவது, இடத்தை எண்ணா கொடுத்தா கவனமா கொடுங்க. 12 டிகிரி 43 நிமிஷத்தை 12.43-ன்னு அடிச்சா முடிஞ்சுது கதை. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், அதனால அது 12.717. நீங்க கிட்டத்தட்ட 32 கி.மீ. தெற்கே போய் நிப்பீங்க.

இதெல்லாம் பண்ணிட்டா மேப் சொல்றது வேதமா? அதுவும் இல்லை, இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான மேட்டர். நீங்க அகலம் 2 மீட்டர்னு கொடுத்தாலும், அந்த மலை ரோட்டோட அகலத்தை யாரும் மேப்புல எழுதலைன்னா ஆப் எதோட ஒப்பிடும்? தகவல் இல்லாத இடத்துல அது "போகக்கூடாது"ன்னு சொல்லாது. பேசாம போக விட்டுடும். அந்த மௌனத்தைத்தான் நாம சம்மதம்னு எடுத்துக்கறோம்.

இன்னொரு கட்சி இருக்கு. "மேப்பாவது மண்ணாவது, வாயுள்ள பிள்ளை பிழைக்கும், கேட்டுக் கேட்டுப் போயிடலாம்"னு சொல்றவங்க. பாதி ஒத்துக்கறேன். ஆனா கேக்கறதுலயும் விஷயம் இருக்கு. மலையில பைக்ல வர்ற தம்பிகிட்ட "இந்த ரோடு போலாமா?"ன்னு கேட்டா, "தாராளமா போலாம்ணே"ம்பான். பொய் இல்லை, அவன் பைக் போகுது. மேப் செஞ்ச அதே வேலையைத்தான் அவனும் செஞ்சான், உங்க வண்டியைக் கணக்குல எடுக்காம பதில் சொன்னான். "இதுல பஸ் போகுதா? எதிர்ல லாரி வந்தா ஒதுங்க எங்க இடம் இருக்கு? மழை பெஞ்சா ஓடையில தண்ணி வருமா?" இப்படிக் கேளுங்க. வனத்துறை செக்போஸ்ட்டுலயும் இதையே கேளுங்க. சரிவுல ஒதுங்க இடம் இல்லைன்னா இறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும்ங்கிறது விதி. விடறதுக்கு ஒதுங்க இடம் வேணும்ல? அந்தத் தகவல் எந்தக் கம்பெனி சர்வர்லயும் இல்லை, அந்த ரோட்டுல தினம் போற ஆள்கிட்டதான் இருக்கு.

அவர் சொன்னதை அங்கேயே விட்டுட்டு வந்துடறோமே, அது அடுத்த குத்தம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புல யார் வேணா கணக்கு ஆரம்பிச்சுத் திருத்தலாம், காசு கிடையாது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கு. "இந்த ரோடு தாரா, மண்ணா? பாலத்துக்குக் கீழ உயரம் எவ்வளவு?"ன்னு கேள்வி கேட்டு, பதிலை மேப்புல ஏத்திடும். அடையாளப் பலகையைப் பாத்து ரெண்டு தடவை தட்டினா வேலை முடிஞ்சுது. ஊர்ப் பேரைத் தமிழ்லயே போடலாம். ஜவ்வாதா, ஜவாதா, ஜமுனாமரத்தூரா, ஜம்னாமரத்தூரான்னு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல தேடி சாக வேண்டாம்.

அருவி முன்னாடி நாப்பது செல்ஃபி எடுக்க நேரம் இருக்கு. அடுத்த வாரம் அதே ரோட்டுல இன்னொருத்தர் பாட்டியைக் கூட்டிக்கிட்டு வருவார், அவருக்காக ரோட்டோட அகலத்தைப் பதிஞ்சு வைக்க ரெண்டு நிமிஷம் இல்லையா?

அதுவரைக்கும், டிரைவர் அண்ணன் "வேணாம் சார்"னு சொன்னா, போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு போளூர் சுத்தியே போங்க. வண்டியோட அகலம் அவருக்குத் தெரியும்.