தெறி ஓட்டையும் சர்க்கியூட் பலகையும்

மகனுக்குப் போன மாதம் ஐந்து சர்க்கியூட் பலகைகள் தபாலில் வந்தன. ஜிம்னாசியத் திட்டவேலைக்காகத் தானே கணினியில் வரைந்து, செய்விக்க அனுப்பியவை. ஒப்படைக்க மூன்று கிழமைதான் இருந்தது. பெட்டியைப் பிரித்தவனின் முகம் வாடிவிட்டது.

மின்சார வயர் செருகுகிற ஜாக்கின் கால்கள் தட்டையானவை. அதற்கு 3 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நீள் ஓட்டை வேணும். பலகையில் இருந்ததோ 1 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை.

“நான் நீட்டாத்தானே கீறினனான் அம்மா!”

கீறியது உண்மைதான். ஆனால் குறிப்பு எழுதுகிற அடுக்கில் கீறியிருக்கிறான். துளை போடும் மெஷின் படத்தைப் பார்ப்பதில்லை. துளைக் கோப்பை மட்டுமே வாசிக்கும்.

பக்கத்தில் இருந்த அப்பா, “அராவிப் பெரிசாக்கலாம்தானே, அரம் கொண்டு வாறன்” என்றார்.

“இல்லை அம்மப்பா...” அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை. என்னைப் பார்த்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் நான், “அது கொம்பியூட்டர் விசயம் அப்பா, உங்களுக்கு விளங்காது” எண்டு முடித்துவிடுவேன். அன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன். ஓட்டையின் உட்சுவரில் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கு; அதுதான் பலகையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இணைக்கிறது. அராவினால் அது போய்விடும்.

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். “தெறி ஓட்டை மாதிரியோ? விளிம்புத் தையலை வெட்டினா எல்லாம் பிரிஞ்சுபோம்.”

ஹேர்னிங் துணித் தொழிலுக்குப் பேர்போன ஊர். எண்பதுகளில் வந்து இறங்கிய அப்பா இங்கே ஒரு தையல் ஃபக்டரியில்தான் வேலை செய்தவர்.

மூவரும் திரைக்கு முன்னால் இருந்தோம். மகன் பாவிப்பது கீகாட். 1992 இல் பிரான்சில் ஜோன் பியேர் சாரா தொடங்கிய இலவச மென்பொருள். காலுக்கான துளையின் வடிவத்துக்கு அதில் இரண்டே தெரிவு: வட்டம், நீள்வட்டம்.

“சதுரம் ஏன் இல்லை?” அப்பா கேட்டார்.

மகன் விரலைச் சுழற்றிக் காட்டினான். வெட்டும் அலகு சுழல்வது. பக்கவாட்டில் நகர்ந்தாலும் இரண்டு முனையும் வளைவாகத்தான் வரும். மெல்லிய அலகின் அளவைவிட ஒடுக்கமாக வெட்டவும் ஏலாது. கோப்பில் வட்டத்துக்கு ஒரு புள்ளி. நீள் ஓட்டைக்குத் தொடக்கம், முடிவு எண்டு இரண்டு.

நீள்வட்டத்தைத் தெரிவு செய்து 3, 1 எண்டு போட்டான். துளைக் கோப்பைத் திறந்தும் சரிபார்த்தான். அனுப்பப் போக அப்பா தடுத்தார்: “வெட்ட முதல் கடதாசியிலை மாதிரி பார்.”

அதே அளவில் அச்செடுத்து, ஜாக்கின் கால்களைக் கடதாசியில் குத்திப் பார்த்தோம். பொருந்தியது. பிறகுதான் அனுப்பினோம்.

புதுப் பலகை ஒப்படைக்கிறதுக்கு நாலு நாள் முன்னம் வந்தது. ஜாக் நேராகப் போய் உட்கார்ந்தது. மகன் அதைக் கொண்டுபோய் முதலில் காட்டினது என்னட்டை இல்லை, அம்மப்பாவிட்டை.

உங்கட வீட்டிலும் பெரியாக்கள் கேட்டால், விளங்காது எண்டு சொல்லி முடிக்காதேங்கோ. ஒருக்கா சொல்லிப் பாருங்கோ.