உடைந்த துண்டுகளின் பெருமை

புகைப்படத்திற்குரிய மரச்சட்டத்தை மொசைக் முறையில் அழகுபடுத்துவது மாணவர்க்கு ஏற்ற கைவினைப் பயிற்சியாகும். அதற்கு வேண்டிய கண்ணாடித் துண்டுகள், மணிகள், பசை ஆகிய அனைத்தும் இன்று ஒரே பெட்டியில் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் நாற்பது மாணவர்கள் ஒரே வகைப் பெட்டியை வாங்கினால், நாற்பது சட்டங்களும் ஒன்றுபோலவே அமையும். எனவே, இப்பயிற்சிக்குக் கடைப்பெட்டியைவிட வீட்டில் உடைந்த பொருள்களே சிறந்தவை.

சண்டிகர் நகரின் பாறைத் தோட்டம் இதற்குத் தக்க சான்று. அதனை உருவாக்கிய நேக் சந்த், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் பிறந்த ஊரைப் பிரிந்து வந்தவர். சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த அவர், புதிய நகருக்காக அகற்றப்பட்ட சிற்றூர்களின் இடிபாடுகளையும், உடைந்த பீங்கான், வளையல், ஓடு முதலியவற்றையும் பல ஆண்டுகள் சேகரித்தார். அவற்றைச் சிமெண்டில் பதித்து மனித உருவங்களையும் விலங்குகளையும் படைத்தார். 1976இல் அத்தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிறர் குப்பை என எறிந்தவையே அவருக்குப் புகழ் தேடித் தந்தன.

பல பொருள்களை மரத்தின்மீது இணைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. தஞ்சாவூர் ஓவியத்தில் மரப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் அணிகலன்களைப் புடைப்பாக அமைத்து, கற்களையும் பொன் தகட்டையும் பதிப்பர். ஆயினும் முகத்தை வண்ணத்தால் மட்டுமே தீட்டுவர். அலங்காரம் முகத்தை மறைக்கலாகாது என்னும் இந்நெறி, படச்சட்டத்திற்கும் பொருந்தும்.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இப்பயிற்சி மேலும் பயன் தருவது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சில பொருள்கள் உடைகின்றன, சில கைவிடப்படுகின்றன. பாட்டியின் படமோ எங்கும் உடன் வருகிறது. அவர் பயன்படுத்திய கோப்பையின் துண்டும், பல்லாங்குழியின் சோழியும், பழைய சேலையின் கரையும் அப்படத்தைச் சூழ்ந்திருந்தால், வீட்டிலுள்ள சிறுவர் அவை எவை எனக் கேட்பர். அவ்வினாவிற்குப் பெரியோர் விடை கூறும்போது சோழி, பல்லாங்குழி, கரை ஆகிய சொற்களும் அவற்றோடு ஊரின் கதைகளும் சிறுவர்க்குக் கிடைக்கும். கடைப்பெட்டியின் மணிகளுக்கு இத்தகைய கதைகள் இல்லை.

உடைந்த துண்டுகள் கையைக் கிழிக்கும் என்பது நியாயமான அச்சமே. ஆகவே, பீங்கானைச் சாக்குத் துணியில் சுற்றி உடைப்பதும், கூர்முனைகளைத் தேய்த்து மழுக்குவதும் பெரியோரின் பொறுப்பாதல் வேண்டும். வேலை செய்வோர் கையுறையும் கண்காப்பும் அணிதல் வேண்டும். எஞ்சிய பணிகளை மாணவரே செய்யலாம். சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் புகாதவாறு வண்ணம் பூசவேண்டும். துண்டுகளை முதலில் பசையின்றி அடுக்கிப் பார்த்து, சிறிது இடைவெளி விட்டு ஒட்டவேண்டும். ஒரு நாள் காய்ந்தபின் இடைவெளிகளை வெள்ளைச் சிமெண்டுக் குழைவால் நிரப்பி, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். சோழியையும் துணியையும் இறுதியில் ஒட்டினால் அவற்றில் கறை படியாது.

இவ்வாறு செய்த சட்டம் கடைச்சட்டம்போல் நேர்த்தியாக அமையாமற் போகலாம். ஆசிரியர்கள் அதனைக் குறையாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்பதை மாணவர் தமிழில் எடுத்துரைத்தால், அதற்கே முதன்மையான மதிப்பெண் வழங்குதல் தகும்.