தூர் வாரும் தர்மத்துக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றைத் தூர் வாரவும், கரையைப் பலப்படுத்தவும், மடைகளைச் செப்பனிடவும் அரசு மட்டுமின்றி அறக்கட்டளைகளும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் பணம் தந்து வருகின்றன. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் எந்த அறக்கட்டளை, எந்த ஏரிக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால் ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. நம் ஏரிகளில் பல, சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலுங்கு வழியே வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ஓர் அறக்கட்டளை கீழ் ஏரியைப் பல லட்சம் ரூபாய் செலவில் ஆழப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள வரத்துக்கால் தூர்ந்தோ, ஆக்கிரமிக்கப்பட்டோ கிடந்தால் அந்த ஏரிக்குத் தண்ணீர் வருவது எப்படி? வரத்துக்காலை வெட்டித் தரக்கூடிய இன்னோர் அறக்கட்டளை அடுத்த தாலுகாவிலேயே வேலை செய்து கொண்டிருக்கலாம். இது அதற்குத் தெரியாது; அது இதற்குத் தெரியாது. சாலையோரத்து ஏரிக்கு இருமுறை பணம் வந்து, உட்கிராமத்து ஏரி கருவேல முட்காடாகவே கிடக்கவும் இந்த அறியாமை வழி வகுக்கும்.

மடையின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. நிலத்தடி நீருக்கும் ஆடு மாடுகளுக்கும் உதவலாம், நெல்லுக்கு உதவாது. ஓர் அறக்கட்டளை பணத்தைக் கொட்டி இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டால், அடுத்த அறக்கட்டளையும் பணத்தைக் கொட்டித்தான் கற்க வேண்டுமா?

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2015 முதல் அறநிறுவனமாக இயங்கும் '360 கிவிங்', நிதியுதவி விவரங்களை எல்லா அறக்கட்டளைகளும் ஒரே மாதிரியான படிவத்தில் வெளியிட ஏற்பாடு செய்துள்ளது. கட்டாயமாகக் கேட்கப்படுபவை 10 விவரங்களே. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பவையும், அடையாள எண்களும்தான் அவை. லாட்டரிப் பணத்தைப் பொதுக் காரியங்களுக்குப் பகிரும் பெரிய நிதியம் முதல் சிறிய குடும்ப அறக்கட்டளைகள் வரை 200-க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்துள்ளனர். யார் வேண்டுமானாலும் இந்த விவரங்களை ஒரே இடத்தில் தேடிப் பார்க்கலாம். 2020-ல் கொரோனா காலத்தில் அவசர உதவிப் பணம் எங்கெங்கே போகிறது என்பதை, இந்த ஏற்பாடு இருந்ததால்தான் உடனுக்குடன் திரட்டிக் காட்ட முடிந்தது.

நம் விவசாயிகளுக்கு இது புதிய தத்துவம் அல்ல. அடங்கல் இருக்கிறதே, அது என்ன? சர்வே எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று எல்லாக் கிராமத்திலும் ஒரே பத்திகளில் எழுதப்படும் கணக்கு. பத்திகள் ஒன்றாக இருப்பதால்தான் கிராமத்தைப் பிர்க்காவாகவும், பிர்க்காவைத் தாலுகாவாகவும் கூட்ட முடிகிறது. ஒவ்வொரு கிராமமும் தன் மனம் போனபடி எழுதினால் மாவட்டச் சாகுபடிப் பரப்பை யார் சொல்ல முடியும்? அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகள் இன்று ஏறக்குறைய அந்த நிலையில்தான் உள்ளன. வண்ணப் படங்களுக்குக் குறைவில்லை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள் சிலர். தனி மனிதர் செய்யும் தானத்துக்கு அது பொருந்தும். வரிச்சலுகை பெற்று இயங்கும் அறக்கட்டளைக்குப் பொருந்துமா? விவரம் வெளியானால் மனுக்கள் குவியும் என்பது மற்றொரு அச்சம். உண்மையில், எந்த அறக்கட்டளை எந்த வேலைக்குப் பணம் தருகிறது என்பது தெரிந்தால் சம்பந்தமில்லாத மனுக்கள் குறையவே வாய்ப்பு அதிகம். தனி நபர்களுக்குத் தரும் மருத்துவ உதவி, படிப்பு உதவி போன்றவற்றில் பெயர்களை மறைக்க வேண்டியது அவசியம். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

இந்தியாவில் பாதி வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனி, மாநிலம், மாவட்டம், துறை வாரியாக மத்திய அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் ஏரி என்பது மாவட்டத்தில் இல்லை, கிராமத்தில் இருக்கிறது. தனியார் அறக்கட்டளைகளின் உதவிகளோ இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே ஏரி வேலைக்குப் பணம் தரும் அறக்கட்டளைகள், முதலில் ஒரு மாவட்ட அளவிலாவது கூடி, ஒரே பத்திகளில் விவரம் எழுதத் தொடங்கலாம். ஏரியின் பெயர் மட்டும் போதாது. 'பெரிய ஏரி' இல்லாத ஊர் எது? வருவாய்க் கிராமம், சர்வே எண், ஆயக்கட்டுப் பரப்பு, மேல் ஏரி எது, கீழ் ஏரி எது, வரத்துக்காலின் நிலை, வேலை முடிந்த ஆண்டு ஆகியவை வேண்டும். அடுத்த பருவமழைக்குப் பின் தண்ணீர் கடைமடை வரை பாய்ந்ததா என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். அதை நிரப்ப வேண்டியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள்.