எலுமிச்சை பிழிந்தால் ஊதா

பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று யோசனை கேட்டு வருகிற தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வருகிற பிள்ளைகளின் கண் முன்னால் ஏதாவது மாறுமா? கேக் மாறாது. கடையிலிருந்து பெட்டியில் வந்து இறங்குகிறது, வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம், க்ரீமை வழித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பலூன் தோரணமும் அப்படித்தான். பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வேலை முடிந்துபோயிருக்கும். ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளையை முடிந்துபோன அழகு ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிடித்து வைக்காது. தண்ணீர் கட்டியாவது, நீலம் ஊதாவாவது, மரத்தில் இருந்த இலை கைக்கு வந்ததும் ஊதலாவது, இதெல்லாம்தான் அதற்குக் கொண்டாட்டம். பலகாரமானாலும் கைவேலையானாலும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

கடல்பாசியில் தொடங்குகிறேன். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால்தான் சிலருக்குப் புரிகிறது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி வகைகளிலிருந்து பிரித்தெடுப்பது இது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நோன்பு துறக்கிற நேரத்தில் ரோஸ் எசன்ஸ் மணக்கிற கடல்பாசித் துண்டு இல்லாத வீடு குறைவு. மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டா டம்ளரில் நழுவுகிற துண்டுகளாக அது பழக்கம். இவ்வளவு நம்முடையதாக இருக்கிற பண்டம் பிறந்தநாள் மேசைக்கு மட்டும் ஏன் வராமல் போனது என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பத்து கிராம் கடல்பாசிக்கு ஒரு லிட்டர் கணக்கு. பாலில் செய்வதானால் பாதி தண்ணீர், பாதி பால். கத்தரித்து அரை மணி நேரம் ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரோடேயே அடுப்பில் ஏற்றி, இழை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் கரையும் வரை கொதிக்க விட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் வாயில் நார் தட்டும். பிறகு சர்க்கரை, அப்புறம் வடிகட்டல். பாலைத் தனியாகச் சூடாக்கி, சூடாகவே ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சாய்த்தால் பட்ட இடத்திலேயே திரி திரியாக உறைந்துவிடும்.

இதுவரை பெரியவர்கள் வேலை. சற்று ஆறிய பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும். அகலத் தாம்பாளத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அதற்குள் எவர்சில்வர் தட்டை வைத்துக் கடல்பாசியை ஊற்றுங்கள். ஏறக்குறைய நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது உறையத் தொடங்கும். ஓரத்தில் முதலில் ஒரு சுருக்கம் விழும். விரலால் தொட்டால் தோல் மாதிரி நகரும், ஆனால் ஒட்டாது. நடுவில் இன்னும் தண்ணீர். தட்டை லேசாகச் சாய்த்தால் நடுப்பகுதி மட்டும் ஆடும். இந்தப் பருவத்தில்தான் அடுத்த நிறத்தை ஊற்ற வேண்டும். முழுக்க இறுகிய பிறகு ஊற்றினால் வெட்டும்போது இரண்டு அடுக்கும் தனித்தனியாகக் கழன்றுவிடும். என் தங்கை மகள் இந்த நேரத்துக்குக் காவல் வேலையைத் தானே எடுத்துக்கொள்வாள். "பெரியம்மா, தோல் வந்துருச்சு, ஊத்துங்க!" என்று அவள் கூவினால்தான் கரண்டியை எடுக்க எனக்கு அனுமதி. சுற்றிலும் தலைகள் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஜெலட்டினில் செய்கிற ஜெல்லி நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. முப்பது முப்பத்தைந்து டிகிரியிலேயே இளகிவிடும்; சித்திரை மாதப் பிறந்தநாள் என்றால் மேசையில் ஓடையாகத்தான் நிற்கும். விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பதால் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது. கடல்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் எண்பது டிகிரியைத் தாண்டினால்தான் திரும்ப உருகும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. பச்சை அன்னாசித் துண்டு போட்டாலும் உறையும். அன்னாசியில் இருக்கிற நொதி புரதத்தை அறுப்பது. ஜெலட்டின் புரதம், ஆகவே அதில் அன்னாசி போட்டால் கூழாகவே கிடக்கும். கடல்பாசியில் புரதத்துக்கு வேலையே இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வந்தால் மட்டும் துண்டைச் சின்னதாக நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடுகிற ரோடமைன்-பி என்ற சாயம் அதில் இருந்ததை ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். கடற்கரையில் விற்ற அந்த ரோஸ் நிறத்தைத் தின்று வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பிறகு வீட்டு விருந்துக்குச் சாயப் புட்டி எதையும் வாங்குவதில்லை. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்தால் அதே ரோஸ் கிடைக்கிறது. ஒரு கவனம்: கொதிக்கிறபோது சேர்த்தால் பழுப்படித்துப்போகும், இறக்கி ஆறவைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

நீலத்துக்குச் சங்குப்பூ. வேலியில் படர்ந்து கிடக்கிற அந்த நீலப் பூவேதான். காம்பையும் பச்சையையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு கைப்பிடிப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டு மூடி வைத்தால் கால் மணி நேரத்தில் தண்ணீர் மை நீலமாகிவிடும். மருந்து தெளிக்காத செடியாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். வடிகட்டிச் சர்க்கரை கலந்து குளிர வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுங்கள். கையில் அரைமூடி எலுமிச்சம்பழம். என்ன ஆகும் என்று சொல்லிவிடாதீர்கள்.

முதல் சொட்டு விழுந்த இடத்தில் ஊதா ஒரு நூலாக இறங்கும். அடிவரை போய்ச் சுருளும். மேலே நீலம், கீழே ஊதா என்று ஒரு கணம் இரண்டும் தனித்தனியாக நிற்கும். கலக்கினால் ஒரே ஊதா. இன்னும் பிழிந்தால் ரோஸ் பக்கம் சாயும். பக்கத்துப் பிள்ளையின் டம்ளரைவிடத் தன்னுடையது ரோஸாக வேண்டும் என்று போட்டி கிளம்பி, "இன்னும் ஒரு மூடி, பெரியம்மா" என்று கை நீளும். புளிப்பு தாங்காமல் முகம் கோணும், ஆனாலும் குடித்துவிடுவார்கள். அவர்கள் கையால் ஆனது. பூவில் இருக்கிற ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புப் பட்டால் நிறம் மாறும் என்பதை அப்போதே பாடமாக நடத்த வேண்டியதில்லை. கேட்கிற பிள்ளை கேட்கும், அதற்குச் சொன்னால் போதும்.

கேட்கிற பிள்ளைக்குக் காட்ட வீட்டிலேயே இன்னொன்று உண்டு. பிறந்தநாளன்று ஆரத்தி கரைக்கிறோமே, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் செக்கச் செவேலென்று ஆகிறதே, அதுவும் இந்த வித்தைதான். எலுமிச்சை புளிப்பு, சுண்ணாம்பு அதற்கு நேர் எதிரான காரம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தி விளையாடி, கண்ணில் தெறித்துப் பார்வை போன பிள்ளைகள் உண்டு. சுண்ணாம்புக்குப் பதில் குளியல் சோப்புத் தண்ணீர் போதும்.

முதல் நாளே வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி நிழலில் காயவைத்து, வாழ்த்து அட்டை அளவில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, ஆளுக்கொரு பஞ்சுக்குச்சி. மஞ்சள் தாளில் தொட்டு இழுத்தால் கோடு சிவப்பாக எழும். பெயர் எழுதுவார்கள், பூ போடுவார்கள், பிறந்தநாள் பிள்ளைக்கு மீசை வரைவார்கள். பிழை வந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு. சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடித்த பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு அழிப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளும். செய்யட்டும். ஸ்டிக்கர், மினுமினுப்புத் தூள் வைத்துச் செய்கிற கைவேலை பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். இது அரை மணி நேரம் தாராளமாக ஓடும்.

வயிற்றுக்குத் திடமாக ஒன்று வேண்டுமே. கடலைமிட்டாய் என்றதும் எனக்குக் கோவில்பட்டிதான். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தப் பாகுப் பதத்தைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. கொதிக்கிற வெல்லம் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். அதனால் அடுப்பில்லாத கடலை உருண்டை. வறுத்துத் தோல் புடைத்த வேர்க்கடலை இரண்டு பங்கு, பொடித்த வெல்லம் ஒரு பங்கு, கொஞ்சம் ஏலக்காய். மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால் கடலை தன் எண்ணெயைக் கக்கும். அந்த எண்ணெயே பிடிமானம். உதிரி மாவாகத் தட்டில் கொட்டிப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். சின்னக் கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு உருண்டை நிற்கும். முழுக்கடலை சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் போய் அடைக்கக்கூடியது, பொடித்தால் அந்தப் பயம் குறைவு. கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இருந்தால் அன்றைக்கு எள்ளும் கடலையும் வேண்டாம், அவலும் தேங்காயும் வைத்துக்கொள்ளலாம்.

ஊதலுக்குப் பூவரசு. கிராமத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கோ இது புதுசு. ரொம்ப முற்றாத இலையாக, கிழிசல் இல்லாமல் பறித்துக்கொள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை விரிந்தும் வரும். குறுகிய முனையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினால் பீப்பீ. முதலில் வெறும் காற்றுதான் வரும். நசுக்கல் அதிகமானால் காற்றே போகாது, குறைந்தால் சத்தம் பிறக்காது. இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டு அதிர வேண்டும். நாகசுரத்தின் சீவாளியும் இப்படித்தான் பேசுகிறது; நாணலைப் பதப்படுத்தி, நசுக்கிக் கட்டிய இரட்டை மடிப்பு அது. திருவாவடுதுறையில் அதற்கென்றே வாழ்ந்த கைகள் உண்டு. கல்யாண வீட்டில் கேட்ட அந்தச் சத்தத்துக்கும் தன் கையில் இருக்கிற இலைக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஊதுகிற ஊதலை நிறுத்த முடியாது. மாடியில் ஊதச் சொல்லுங்கள்.

பூவரசு கிடைக்காத தெருவில் காகிதமீன். இரண்டு சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நாடா. ஒரு முனையருகே மேலிருந்து பாதி வரை வெட்டு, மறு முனையருகே கீழிருந்து பாதி வரை வெட்டு. வளைத்து இரண்டு வெட்டையும் கோத்தால் மீன். உயரத்திலிருந்து விட்டால் சுழன்று சுழன்று இறங்கும். கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட அரவிந்த் குப்தாவின் பொம்மைகளில் இதுவும் ஒன்று. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் வீட்டு மனிதருக்குக் கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இரண்டு. மெழுகுவத்தி எரியும்போது பிள்ளையின் தலையில் பீய்ச்சுகிற நுரை ஸ்பிரே. அதைத் தள்ளுகிற வாயு தீப்பிடிக்கக்கூடியது. அடுத்தது, மேலே பறக்கிற பலூன். ஹீலியம் விலை அதிகம் என்று ஹைட்ரஜனை அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அது சுடர் பட்டால் வெடிக்கும். ஒரு நிமிஷப் படத்துக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தெர்மகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சு போட்ட காகிதக் கப், உறிஞ்சு குழல் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடையில் இருப்பவை. எவர்சில்வரும் வாழை இலையும் போதும். போகும்போது கையில் கொடுக்க, தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பின்னுகிற மாதிரிப் பனை ஓலைச் சிறுபெட்டி கிடைத்தால் அதில் ஆளுக்கு இரண்டு உருண்டை, அவர்கள் எழுதிய மஞ்சள் அட்டை.

காலையில் கடல்பாசியை ஊறப்போடுவதில் தொடங்கினால் மாலை நான்கு மணிக்கு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பிள்ளைகள் வந்த பிறகு அடுப்பு எரிய வேண்டாம். அழைக்கும்போதே பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள். பட்டுப் பாவாடையோடு வருகிற பிள்ளை எதையும் தொடாமல் ஓரமாக நிற்கும், பார்க்கவே மனசு கேட்காது. அப்படியும் மஞ்சள் பட்டுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், அதைப் பார்த்துக் கை நடுங்க வேண்டாம். நன்றாக அலசி உச்சி வெயிலில் உலர்த்துங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. இரண்டு மூன்று வெயில் பட்டால் பெரும்பாலும் போய்விடும்.