எட்டு கெஜ 'கில்ட்'

என் பெண்ணைக் கொடுத்திருப்பது வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில். கல்யாணத்துக்கு 'கில்ட்' உடுத்த வேண்டுமென்று மாப்பிள்ளைக்கு ஆசை. சம்பந்தியம்மாவுக்கோ தயக்கம். "கில்ட் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. எங்கள் குடும்பப் பெயர்களுக்கென்று டார்ட்டன் கட்டங்கள் வந்ததே பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான். வேஷம் மாதிரி இருக்காதா?" என்றார். "இன்று பிள்ளை ஆசையாய் உடுத்தினால், பேரனுக்கு அது பரம்பரை வழக்கம்தானே, சம்பந்தி!" என்றேன். இருவருமாகக் கடைக்குக் கிளம்பினோம்.

வாங்கப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

துணி: ஜோன்ஸ், டேவிஸ் போன்ற பெயர்களுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. செயின்ட் டேவிட் பெயரிலுள்ளதை யாரும் உடுத்தலாம். சுத்தக் கம்பளியானால் மடிப்பு நிற்கும். முழு கில்ட்டுக்குச் சுமார் 8 கெஜம். நம் மடிசாருக்கு ஒரு கெஜம்தான் குறைச்சல்!

அளவு: பேண்ட் இடுப்பளவைச் சொல்லிவிட்டால் காசு தண்டம். கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும், அங்கேதான் அளக்கணும். விளிம்பு முழங்கால் நடுவில் வரட்டும். அளக்கும்போது குனிந்து பார்க்க விடாதீர்கள்.

உடுத்தும் முறை: கொசுவம் பின்பக்கம், மட்டமான பாகம் முன்பக்கம். ஆண்களுக்கு மேல்மடிப்பு வலப்பக்கம் முடியும். ஊசியை மேல்மடிப்பில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். உட்காரும்போது கொசுவத்தைப் பின்னால் நீவிவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

பராமரிப்பு: வாஷிங் மெஷினில் போடவே கூடாது, டிரைகிளீனிங்தான். அழுக்கோடு பெட்டியில் வைத்தால் கம்பளியை அந்துப்பூச்சி அரித்துவிடும். கொசுவங்களை நீள நூலோட்டம் போட்டுப் பிடித்து வையுங்கள். அடுத்த விசேஷத்துக்கு நூலை உருவினால் போதும், மடிப்பு கலையாமல் இருக்கும்.