இரும்புச் சோக்கும் மின்னணுச் சோக்கும்

மாணாக்கர் இரவிற் கற்பது விளக்கின் துணையாலன்றோ? குழல் விளக்கினுள் மின்னோட்டம் ஒருமுறை தொடங்கின், தடுப்பாரின்றேல் மேன்மேலும் பெருகிக் குழலையே அழித்துவிடும். அங்ஙனம் பெருகாது காக்கும் அணையே சோக்கு எனப்படுவது. அஃது இருவகைத்து. ஒன்று, இரும்புத் தகடுகளின்மீது செம்புக் கம்பி சுற்றியது. ஸ்டார்ட்டரின் உதவியால் விளக்கேற்றுவது. மற்றொன்று, சிறு மின்னணு உறுப்புக்களால் ஆயது, ஸ்டார்ட்டரை வேண்டாதது.

இவற்றுள் எதனைக் கொள்வது என்பதில் நம் விடுதியில் இரு கட்சிகள் உள. பழையதே உறுதி என்பர் ஒரு சாரார். புதியதே சிக்கனம் என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் பாதி உண்மையே கூறுகின்றனர் என்பது என் கருத்து.

சிக்கனத்தை முதலில் நோக்குவோம். 40 வாட் குழலோடு இணைந்த இரும்புச் சோக்கு, தான் 10 வாட்டுக்கு மேலும் உண்டு வெப்பமாக்கிவிடும். மின்னணுச் சோக்கோ குழலுடன் சேர்ந்தே 36 வாட் அளவில் அமையும். வேறுபாடு 15 வாட் எனக் கொள்ளின், நாளும் 6 மணி எரியும் விளக்கொன்றில் ஆண்டிற்கு ஏறக்குறைய 33 யூனிட் மிஞ்சும். 40 விளக்குள்ள விடுதியில் 1,300 யூனிட் மிஞ்சும்.

காசினும் பெரிது கண். இரும்புச் சோக்கில் எரியும் குழல் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றது. மின்னணுச் சோக்கோ மின்னோட்டத்தை வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் அலையச் செய்வதால் அத்துடிப்பு நீங்குகின்றது. 1989-இல் இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் முதலியோர் ஓர் அலுவலகத்தில் ஆராய்ந்தபோது, இவ்வகை ஒளியின்கீழ்த் தலைவலியும் கண்ணயர்ச்சியும் பாதிக்கு மேல் குறைந்தமை கண்டனர். தேர்வுக் காலத்தில் நெற்றியைப் பற்றிக்கொண்டு நூலை மூடிய இரவுகள் எனக்கும் பல உண்டு.

இனிப் பழையதன் பெருமை. யான் பிறக்குமுன் என் தந்தையார் எம் வீட்டுத் திண்ணையில் மாட்டிய இரும்புச் சோக்கு இன்றும் வண்டுபோல் முரல்கின்றது. உள்ளறையில் இட்ட மலிவான மின்னணுச் சோக்கோ ஓராண்டு நிரம்புமுன் ஓர் இடிமழையில் மாண்டது. வெப்பமும் மின்னழுத்த ஏற்றமும் அதன் நுண்ணுறுப்புக்களை விரைவிற் கெடுக்கும்.

ஆதலின், நூல் பயிலும் இடத்திற்கு நல்ல மின்னணுச் சோக்கும், திண்ணை, தாழ்வாரம், தொழுவம் ஆகியவற்றிற்குப் பழைய இரும்புச் சோக்கும் பொருந்தும். நன்கு உழைப்பதனைப் பழையதென்பது பற்றியே எறிதல் அறிவுடைமையன்று.

இவ்வழக்கே ஓயும் காலமும் அணித்து. குழல் விளக்குகளிற் பாதரசம் உண்மையின், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவிற் கூடி, 2027-க்குள் அவற்றின் உற்பத்தியை நிறுத்தத் தீர்மானித்தன. இனி வருவன எல்.இ.டி. விளக்குகளே. அவற்றிற்கும் டிரைவர் என்னும் உறுப்பு உண்டு. அது மட்டமாயின் அங்கும் ஒளி துடிக்கும். ஆகவே நம் கலாசாலையில் விளக்கு மாற்றுங்கால், முகப்பின் அழகினும் வாசகசாலையையும் விடுதிப் படிப்பறையையும் முதற்கண் நோக்குமாறு பெரியோரை வேண்டுகின்றேன். விளக்கு, காண்பார்க்கன்று, கற்பார்க்கே.