வீதிக்குச் செலவிட்ட பணத்துக்குக் கணக்கு எங்கே?

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்க் கடைத்தெருவைத் தோண்டினார்கள். வீதியை அகலமாக்கி, இரு பக்கமும் வடிகான் கட்டி, காபட் இடப் போவதாகக் கேள்விப்பட்டு வியாபாரிகளாகிய நாம் சந்தோஷப்பட்டோம். எவ்வளவு காலம் எடுக்கும் என்று வேலையை மேற்பார்வை செய்தவரிடம் கேட்டேன். "மூன்று மாதம் முதலாளி, அதற்குள் முடிந்துவிடும்" என்றார். அந்த வார்த்தையை நம்பி, பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்துப் பெருநாள் வியாபாரத்துக்குத் துணி எடுத்தேன்.

மூன்று மாதம் பதினொரு மாதமாக நீண்டது. சேற்றையும் கல்லையும் தாண்டி எந்த வாடிக்கையாளர் வருவார்? பெருநாள் வந்து போனது. துணி ராக்கையிலேயே கிடந்தது. காசோலைகளுக்குத் தவணை கேட்டு மொத்த வியாபாரியின் முன்னால் தலைகுனிந்து நின்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு கடைக்காரர்கள் கடையையே மூடிவிட்டனர். அலுவலகத்தில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டினார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டால் பணம் வரவில்லை என்று அலுவலகத்தைக் காட்டினார்.

வீதி வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்ல. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னர் சரக்கு ஏற்றி இறக்குவது எவ்வளவு இலகுவானது என்பதை வியாபாரிகள் அறிவார்கள். வேலை தாமதிப்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தாமதிக்கும் என்பதை மறைப்பதைப் பொறுக்க முடியாது. பதினொரு மாதம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் பாதிச் சரக்குத்தான் எடுத்திருப்பேன்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவை நானும் பிற்பாடுதான் படித்தேன். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலரையும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவையும் தாண்டும் எந்தத் திட்டமாயினும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே உரிய அமைச்சர் அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கும், அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அவசரத் திட்டமாயின் ஒரு வாரத்துக்கு முன்னர். இன்றைய விலைவாசியில் ஐந்து இலட்சத்துக்குள் முடியும் வீதி வேலை ஏது? அப்படியாயின் எமது கடைத்தெருவும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஆனால் அப்படியொரு அறிவித்தலை எங்கள் தெருவில் எவரும் கண்டதில்லை.

அதே பிரிவில் ஒரு குறைபாடும் உண்டு. வேலை தொடங்கிய பிறகு, புதிய விபரங்களைப் பெறப் பிரஜை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். காலையில் கடை திறந்து இரவில் மூடும் மனிதன் விண்ணப்பம் எழுதிக் கொண்டு திரிவானா? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாமாகவே கணக்கை வெளியிட வேண்டும் என்ற கடமை அந்தப் பிரிவில் எவர்மீதும் சுமத்தப்படவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்கா 2009 இல் செய்ததைப் பார்க்கலாம். பொருளாதார வீழ்ச்சியிலிருந்து மீள்வதற்காக அந்த வருடம் பெப்ரவரியில் 787 பில்லியன் டொலர் மதிப்பீட்டில் அங்கு ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதில் நெடுஞ்சாலைகளுக்கு மாத்திரம் 27.5 பில்லியன் ஒதுக்கப்பட்டது. பணம் பெற்றவர்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து பத்து நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று அதன் 1512 ஆம் பிரிவு விதித்தது. பெற்றது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, வேலை எந்தளவில் நிற்கிறது, எத்தனை பேருக்குத் தொழில் கிடைத்தது என்பன அதில் இருக்க வேண்டும். உட்கட்டமைப்பு வேலையாயின், மொத்தச் செலவையும், ஏதேனும் குறை இருந்தால் யாரைத் தொடர்பு கொள்வது என்று ஒருவரின் பெயரையும் எழுத வேண்டும். இவை இணையத்தில் எல்லோரும் பார்க்க வெளியிடப்பட்டன.

அங்கும் எல்லாம் நேராக நடக்கவில்லை. முதல் அறிக்கைகள் வெளிவந்தபோது, இல்லாத தேர்தல் தொகுதிகளில் தொழில்கள் உருவானதாகப் பதிவாகியிருந்தன. நாடே சிரித்தது. ஆனால் அந்தப் பிழை பகிரங்கமாக இருந்தபடியால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மூடிய கோப்புக்குள் கிடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்த நிதிக்கான அறிக்கையிடல் 2014 இல் முடிவுக்கு வந்துவிட்டது. படிப்பினை மட்டும் எமக்கு எஞ்சியிருக்கிறது.

கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே, கோப் குழு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அவை அவசியமானவைதான். ஆனால் அவற்றின் அறிக்கை வருவது பணம் போன பிறகு. 2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கை, ஒரு பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட அரச கொள்வனவு ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணையத்தில் வெளியிடுமாறு சிபாரிசு செய்தது. நல்ல விடயம். ஆனால் சிறு நகரம் ஒன்றின் வீதி ஒப்பந்தம் அந்தத் தொகையை எட்டுவது அபூர்வம்.

அறிக்கை எழுதுவது ஒப்பந்தக்காரருக்குச் சுமை என்பது இன்னொரு வாதம். வற் பதிவு செய்த வியாபாரி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறைவரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டு அனுப்புகிறான். பிந்தினால் தண்டப் பணமும் கட்டுகிறான். பணத்தைக் கொடுப்பவன் கணக்குக் காட்ட வேண்டும், அதைச் செலவழிப்பவர் காட்டத் தேவையில்லை என்றால் அது என்ன நியாயம்?

நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. ஒன்று, வேலை நடக்கும் இடத்திலேயே மூன்று மொழிகளிலும் ஒரு பலகை: தொகை, ஒப்பந்தக்காரர், தொடங்கும் திகதி, முடியும் திகதி, பொறுப்பான அதிகாரியின் பெயர். இரண்டு, பணம் பெற்றவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தரும் ஒரு பக்க அறிக்கை. அது பிரதேச செயலகத்திலும் இணையத்திலும் இருக்க வேண்டும். மூன்று, அறிக்கை வராவிட்டால் அடுத்த கொடுப்பனவு இல்லை. இந்த மூன்றாவது இருந்தால் முதலிரண்டும் தாமாக நடக்கும்.

அதுவரை வர்த்தக சங்கங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. தனிக் கடைக்காரன் எழுதத் தயங்கும் விண்ணப்பத்தைச் சங்கம் எழுதலாம். அடுத்த முறை உங்கள் தெருவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டால், சரக்குக்குக் காசோலை எழுதுவதற்கு முன்னர் அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை.